துக்க வீட்டில் பணம் பேசுவதில்லை

சாவோ பாவுலோ, 12 ஜனவரி 1968

அன்புள்ள மருமகன் வதீஹுக்கு,

நீயும் உன் அம்மா அஃபீஃபாவும் நலமா? அவளுடைய முதுகுவலி குறைந்ததா? நான் நலம். சர்க்கரை ஏறியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார், மருத்துவரை மாற்றிவிட்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பெய்ரூட்டில் அந்தப் பெரிய வங்கி கதவை மூடியபோது இங்குள்ள நம் ஆட்கள் மன்றத்தில் அழுததை நீ பார்த்திருக்கவேண்டும். இப்போது அரசாங்கம் வங்கிகளைக் கண்காணிக்கப் புதிதாக ஓர் அலுவலகம் வைத்து, அதில் உன்னையும் பரிசோதகனாகச் சேர்த்திருப்பதாக அம்மா எழுதினாள். தாய்மாமன் என்ற முறையில் எனக்குப் பெருமை. தாய்மாமன் என்ற முறையில் ஒரு சின்ன விசாரிப்பும் உண்டு.

மலையில் நம் ஊரில் உன் சின்ன மாமா மெல்ஹிம் நடத்தும் வங்கி எப்படி இருக்கிறது? துணிமூட்டை சுமந்து, பிறகு கடை வைத்து, கல்யாணம்கூடச் செய்யாமல் நான் சேர்த்ததெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பெயர்ப்பலகையில் ‘தன்னூஸ் சகோதரர்கள் வங்கி’ என்று என்னையும் சேர்த்துப் போட்டிருக்கிறான். நானும் இங்கே ‘வங்கியாளர்’ என்று அட்டை அச்சடித்துக் கொடுத்துவருகிறேன். அதனால் மற்றவர்களைக் கேட்கமுடியாது. உன்னைக் கேட்கிறேன். காதோடு காதாகச் சொல்.

உன் பெரிய மாமா,
நசீப்

---

பெய்ரூட், 3 பிப்ரவரி 1968

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

நலம். அம்மாவின் முதுகுவலி அப்படியே. பழைய மருத்துவரிடமே திரும்பிப் போங்கள்.

நீங்கள் கேட்டதற்கு என்னால் பதில் சொல்லமுடியாது. வங்கி ரகசியச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கணக்குகளை எண்களாக மட்டுமே எங்களுக்குக் காட்டுவார்கள், பெயர் தெரியக்கூடாது. தெரிந்து வெளியே சொன்னால் சிறை. கண்ணைக் கட்டிக்கொண்டு காவல் காக்கும் வேலை இது.

இதில் வேடிக்கை, அந்த வங்கியைப் பரிசோதிக்க அனுப்பியதே என்னைத்தான். மேலதிகாரியிடம், “சார், அது என் தாய்மாமன் வங்கி” என்றேன்.

“வதீஹ், சொந்தக்காரன் இல்லாத வங்கியாப் பாத்துத்தான் ஆளை அனுப்பணும்னா, நாம ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து பட்டாணி உரிக்க வேண்டியதுதான். போயிட்டு வா” என்றார்.

போனேன். என்ன பார்த்தேன் என்று எழுதமாட்டேன். ஊர்ச்செய்தி மட்டும் எழுதுகிறேன். சின்ன மாமா புதுக் கார் வாங்கியிருக்கிறார். நம் ஊர்ப் பிரபு இஸ்கந்தர் பேயின் ஹோட்டல் மேலும் இரண்டு மாடி வளர்ந்திருக்கிறது. நீச்சல் குளமும் கட்டியிருக்கிறார், அதில் தண்ணீர் இல்லை, விருந்தாளிகளும் இல்லை. யார் கொடுத்த பணம் என்று நான் சொல்லவில்லை. சின்ன மாமா என்னை வாசல்வரை வந்து கட்டிப்பிடித்து அனுப்பினார். பெட்டக அறையைக் காட்ட மட்டும் சாவி கிடைக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள், மாத்திரையைக்கூட.

அன்புடன்,
வதீஹ்

---

சாவோ பாவுலோ, 19 பிப்ரவரி 1968

மருமகனே,

மாத்திரை பற்றி நீ எழுதியது புரிந்தது. என் பணம் முழுவதையும் உடனே அனுப்பச் சொல்லி இன்றே மெல்ஹிமுக்குப் பதிவுத் தபால் போட்டேன். நீ எதுவும் சொல்லவில்லை, நான் எதுவும் கேட்கவில்லை.

அஃபீஃபாவுக்கு முத்தங்கள்.
நசீப்

---

பெய்ரூட், 14 மார்ச் 1968

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீங்களே பிரித்துப் படித்தால், நீங்கள் உயிரோடிருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். நலமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

கணக்கு சரியில்லாத சிறு வங்கிகளை எங்கள் அலுவலகம் மூடப்போகிறது என்று திங்கட்கிழமை மலையில் வதந்தி கிளம்பியது. செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் சின்ன மாமா வீட்டு முன்னால் ஊரே நின்றது. கீழ்த்தளத்தில் வங்கி, மேல்தளத்தில் வீடு, உங்களுக்குத் தெரியும். நானும் அங்கே இருந்தேன். பத்து மணிக்கு இரும்புக் கதவு பாதி உயர்ந்தது. கறுப்பு டை கட்டிக்கொண்டு சின்ன மாமா வெளியே வந்தார். கையில் ஒரு தந்தி. கண்ணில் நிஜமான கண்ணீர்.

“என் அண்ணன் நசீப் பிரேசில்ல போயிட்டாரு!”

அவ்வளவுதான். பணம் எடுக்க வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நாற்காலிகள் வந்தன. துக்க வீட்டுக்குரிய சர்க்கரையில்லாத காப்பி வந்தது. காசோலைப் புத்தகத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஆளாளுக்கு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். ரஹ்மே. ஹோட்டல் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுகிறவள். அவள் குடியிருக்கும் இரண்டு அறைகளையும் விற்கப்போவதாக இஸ்கந்தர் பே சொல்லிவிட்டார். ஜூன் மாதக் கடைசிக்குள் அவளே பணம் கட்டி வாங்கவேண்டும், இல்லையென்றால் தெருவுக்குப் போகவேண்டும். அந்தப் பணம் வங்கிக்குள் இருக்கிறது.

“மெல்ஹிம் ஐயா, உங்க அண்ணன் ஆத்மா சாந்தியடையட்டும்” என்றாள். “போறப்ப பெட்டகச் சாவியையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டாரா?”

“சீ, ரஹ்மே! துக்க வீட்ல பணம் பேசலாமா?” என்று பாதிரியார் அபூனா தூமாவே அதட்டினார். ரஹ்மேவும் உட்கார்ந்து காப்பி குடித்தாள்.

மறுநாள் வங்கியைத் திறக்க உத்தரவோடு என் மேலதிகாரி பெய்ரூட்டிலிருந்து வந்தார். அவர் கையிலும் ஒரு கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். உத்தரவைப் பையிலேயே வைத்துக்கொண்டு, “ஆண்டவர் உங்களுக்குப் பொறுமை கொடுக்கட்டும்” என்று சின்ன மாமாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். நாற்பதாம் நாள் பூசைவரை வங்கி திறக்காதாம்.

அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லையே என்று காதில் சொன்னேன். “வாயை மூடு, ஜனம் பாக்குது” என்றாள்.

இறந்துவிட்டீர்களா, மாமா?

வதீஹ்

---

அயின் ஸஃப்ரா, 15 மார்ச் 1968

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

தங்கள் நலத்துக்காக ஊரே பிரார்த்தனை செய்கிறது, வேறு வகையில் என்றாலும்.

கோபப்படாமல் படி. உன் பதிவுத் தபாலும் அந்த வதந்தியும் ஒரே வாரத்தில் வந்தன. உன் பணத்தை எடுத்துக் கொடுத்தால் பெட்டகத்தில் மிஞ்சுவது சிலந்தி மட்டும்தான். ஒரு துக்கம் தேவைப்பட்டது. பக்கத்தில் இருப்பவர்களைச் சொன்னால் பிணம் எங்கே என்பார்கள். நீதான் தூரத்தில் இருக்கிறாய், உனக்குத்தான் ஊரில் மரியாதை. இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்.

உனக்கும் இதில் நன்மை உண்டு. இறந்தவர் கணக்கை நீதிமன்றம் முடிக்கும்வரை யாரும் தொடமுடியாது, நீ உள்பட. அது மட்டுமல்ல. பலகையில் ‘சகோதரர்கள்’ என்று இருக்கிறதே. கணக்கு தொடங்க நீ அனுப்பிய கையெழுத்தை வைத்து உன்னைப் பங்குதாரராகப் பதிவும் செய்திருக்கிறேன். வங்கி விழுந்தால் பங்குதாரரின் பணத்தைத்தான் புதிய சட்டம் முதலில் பிடுங்கும். இறந்தவனிடம் யார் என்ன பிடுங்கமுடியும்?

கொஞ்ச காலம் பொறு. நிலைமை சரியானதும் தந்தியில் பிழை என்று சொல்லி உன்னை எழுப்பிவிடுகிறேன். அதுவரை யாருக்கும் கடிதம் போடாதே.

பூசைக்கு நல்ல கூட்டம் வரும். குறையே வைக்கமாட்டேன்.

உன் அன்புத் தம்பி,
மெல்ஹிம்

---

சாவோ பாவுலோ, 2 ஏப்ரல் 1968

மருமகனே,

உயிரோடிருக்கிறேன். சர்க்கரையும் இருக்கிறது. மெல்ஹிமின் கடிதத்தை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துவிட்டுக் கிழித்துப்போடு. அந்தக் கழுதையைச் சின்ன வயதில் ஆற்றிலிருந்து இழுத்துக் கரையில் போட்டவன் நான். விட்டிருக்கலாம்.

அது கிடக்கட்டும். எத்தனை பேர் வந்தார்கள்? என்னைப் பற்றி அபூனா தூமா என்ன பேசினார்? இஸ்கந்தர் பே வந்தாரா? உன் அம்மாவைத் தவிர வேறு யாராவது அழுதார்களா?

ஆனால் அவன் சொல்வதில் ஒரு விஷயம் யோசிக்கவைக்கிறது. நான் உயிரோடிருப்பது வெளியே தெரிந்தால் என் பணம் போய்விடும் என்கிறானே, சட்டப்படி அது உண்மையா? பதில் வரும்வரை நான் வெளியே சத்தம் போடப்போவதில்லை.

நசீப்

---

பெய்ரூட், 20 ஏப்ரல் 1968

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நிறையப் பேர் வந்தார்கள். நீங்கள் ஏழைகளின் தகப்பன் என்று அபூனா பேசினார். இஸ்கந்தர் பே இரண்டு முறை வந்தார். இரண்டாவது முறை ஏன் வந்தார் என்பதுதான் இந்தக் கடிதம்.

துக்க வீட்டில் ஆண்கள் முன்வாசலில், பெண்கள் உள்ளே. பெண்களுக்கு ஆறுதல் சொல்லப்போகிறவர்கள் சமையலறை வாசல் வழியாகப் போவார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களுக்குத் திடீரென்று பெண்கள்மேல் இரக்கம் பெருகிவிட்டது. போகும்போது வெறுங்கை, வரும்போது ஆளுக்கொரு பெட்டி ஆப்பிள். மார்ச் மாதத்தில் மரத்தில் பூகூட இல்லை, மாமா! பழைய ஆப்பிளை மேலே பரப்பி, கீழே கட்டுக்கட்டாக லிரா நோட்டுகள்.

முன்வாசலில் ஏழைகள் உங்களுக்காகக் கசப்புக் காப்பி குடித்துக்கொண்டிருக்க, பின்வாசலில் அவர்கள் பணம் கார் ஏறிப் போனது. ரஹ்மேயின் பணத்தை எடுத்துக்கொண்டு போன அதே இஸ்கந்தர் பேதான் அறைகளுக்குப் பணம் எங்கே என்று அவளைக் கேட்கிறார்.

சின்ன மாமாவிடம் போய்க் கத்தினேன்.

“டேய், அவங்க பெரிய ஆளுங்கடா. கோவிச்சுக்கிட்டா வங்கி நிலைக்குமா?”

“ரஹ்மே கோவிச்சுக்கிட்டா?”

“அவ வேற எங்க போவா?” என்றார், ஏதோ கணக்குச் சொல்லிக்கொடுப்பவரைப் போல.

நீங்கள் கேட்ட சட்டத்துக்கு வருகிறேன். அவர் சொன்னது உண்மைதான். உங்கள் சேமிப்பைப் பங்குதாரர் மூலதனமாக மாற்றி, அதிலிருந்து சிறு கணக்குக்காரர்களுக்குக் கொடுத்தால் வங்கி பிழைக்கும்; அரசாங்கம் ஆள் வைத்து நடத்தும். ஜூன் பதினைந்துவரை அவகாசம். அதற்கு நீங்கள் தூதரகத்தில் உயிர்வாழ் சான்றிதழ் வாங்கி, சம்மதக் கையெழுத்தும் போட்டு அனுப்பவேண்டும். நீங்கள் இறந்தவராகவே இருந்தால் வங்கி மூடப்படும், வழக்கு நடக்கும். அது முடியும்வரை உங்களுக்கும் ஒன்றும் கிடைக்காது. ரஹ்மேவுக்கும் கிடைக்காது, ஆனால் அவள் தெருவில் இருப்பாள்.

உயிரோடு வாருங்கள், மாமா. கேட்பதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, கேட்கிறேன்.

வதீஹ்

---

சாவோ பாவுலோ, 5 மே 1968

வதீஹ்,

நலம்.

உன் அம்மாவிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. நான் உயிரோடிருப்பதில் அவளுக்கு மகிழ்ச்சி. கூடவே எழுதுகிறாள்: “சின்னவன் எனக்கும் ஒரு பெட்டி ஆப்பிள் கொடுத்தான். தூக்கவே முடியவில்லை, முதுகு போய்விட்டது.”

உன் நீளமான கடிதத்தில் இந்த ஒரு பெட்டியை மட்டும் காணோமே. இடம் போதவில்லையா?

என் வாழ்நாள் உழைப்பை நான் கொடுக்கவேண்டும். உன் வீட்டு ஆப்பிள் உன் வீட்டிலேயே இருக்கவேண்டும். செத்தவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை, தம்பி.

மறைந்த நசீப்

---

பெய்ரூட், 18 மே 1968

பெரிய மாமாவுக்கு,

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று மேலே இருந்த ஆப்பிளை நானும் தின்றேன். அடியில் என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால்தான் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே அம்மாவையும் பெட்டியையும் காரில் ஏற்றினேன். வழி முழுவதும் அம்மா ஜன்னலைப் பார்த்தே பேசினாள்.

“பெத்த தாயை ஜப்தி பண்ற பிள்ளைய ஊர்ல யாராவது பாத்திருக்கீங்களா? அரசாங்கம் உனக்குச் சம்பளம் குடுக்குதா, இல்ல சாபம் குடுக்குதா?”

முன்வாசல் வழியாகத்தான் போனோம். படியில் ரஹ்மே உட்கார்ந்திருந்தாள். நாற்பதாம் நாள் பூசையும் முடிந்து, இப்போது ‘கணக்குச் சரிபார்ப்பு’ என்று சின்ன மாமா கதவை மூடி வைத்திருக்கிறார். அவள் தினமும் வந்து அங்கே உட்காருகிறாள்.

“ஆப்பிள் உள்ள போறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்றாள். “துக்கத்தப்ப சமையக்கட்டுல உக்காந்து, வெளிய போனதை எல்லாம் பாத்தாச்சு. யாரு யாரு, எத்தன பெட்டின்னு கேளுங்க, சொல்றேன்.”

“கேக்கக் கூடாதும்மா. சட்டம்.”

“அப்ப உங்களுக்கு எதுக்குச் சம்பளம்?” என்றாள்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அம்மா என்னோடு பேசுவதில்லை, சாப்பாடு மட்டும் போடுகிறாள், உப்பில்லாமல். நான் இனிமேல் உங்களை எதுவும் கேட்கமாட்டேன்.

வதீஹ்

---

சாவோ பாவுலோ, 3 ஜூன் 1968

அன்புள்ள மருமகனே,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இங்கே நடந்ததைக் கேள்.

நான் இறந்த செய்தி மலையிலிருந்து இங்குள்ள மன்றத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நேரில் என்னைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். என்னிடம் துணி கடன் வாங்கிய வெளியூர் வியாபாரிகள் சிரிக்கவில்லை, தவணையை நிறுத்திவிட்டார்கள். ஜமீல் என்று ஒருவன், இரண்டு கடை வைத்திருக்கிறான். நேரிலேயே போய் நின்றேன்.

“நசீப் அண்ணே, உங்களைப் பாத்ததுல சந்தோஷம். ஆனா நீங்க செத்துட்டதா உங்க தம்பியே சொல்லியிருக்காரு. வாரிசு வரட்டும், பேசிக்கலாம்.”

“டேய், உன் எதிர்லதானே நிக்கறேன்!”

“நிக்கறீங்க. காகிதத்துல நிக்கலையே.”

“ஒரு சாவைச் சாக்கு வச்சு அடுத்தவன் காசை அமுக்கறியே, நீயெல்லாம் மனுஷனாடா?” என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. கத்தி முடித்தபிறகு வாய் கசந்தது. அவன்மேல் எறிந்த சொல் நேராக என்மேல் வந்து விழுந்திருந்தது.

தூதரகத்துக்குப் போனேன். குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்து, “உயிரோட இருக்கறதுக்கு ரெண்டு சாட்சி வேணும்” என்றான். இரண்டு பேரைப் பிடித்துச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தேன். சான்றிதழில் இரண்டு பிரதி. ஒன்று ஜமீலுக்கு. மற்றது இத்துடன், உன் அலுவலகம் கேட்ட கையெழுத்தோடு. அவகாசத்துக்குள் வந்து சேர விமானத் தபாலில் போடுகிறேன். தபால்தலையே ஒரு சட்டை விலை.

நல்லவன் என்று என்னை யாரிடமும் சொல்லாதே. இன்னும் தூக்கம் வரவில்லை.

அஃபீஃபாவிடம் உப்புப் போடச் சொல்.

நசீப்

---

பெய்ரூட், 28 ஜூன் 1968

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

உங்கள் உறை அவகாசத்துக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. அம்மா பேசுகிறாள். சோற்றில் உப்பு இருக்கிறது.

திங்கட்கிழமை வங்கி திறந்தது. அரசாங்க ஆள் நாற்காலியில். சின்ன மாமா வாசலில், வீட்டையும் காரையும் ஜப்தி செய்துவிட்டார்கள். வருகிறவர்களை எல்லாம் வழக்கம்போலக் கைகுலுக்கி வரவேற்கிறார். சிறு கணக்குக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது. ரஹ்மே பணத்தை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நேராக இஸ்கந்தர் பேயிடம் போனாள். ஊரில் இப்போது எல்லார் கையிலும் காசு புரளுகிறது என்று அவர் அறைகளின் விலையை ஏற்றிவிட்டார். பாதிக்குப் பாதி அதிகம். இந்த மாதக் கடைசிவரை இருந்த கெடுவை மட்டும் பெருந்தன்மையோடு ஆகஸ்ட்வரை தள்ளிவைத்திருக்கிறாராம்.

சமையலறை வாசல் வழியாகப் போன பணத்தைத் திரும்ப வாங்கவேண்டும் என்று அறிக்கை எழுதினேன். மேலதிகாரி படித்தார். “அருமையா எழுதியிருக்கே” என்று சொல்லி, வங்கி ரகசியம் என்று முத்திரை குத்தி அலமாரியில் வைத்துப் பூட்டினார். என்னைப் பழைய கோப்புகள் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள், சம்பள உயர்வோடு. அந்த அலமாரிக்கு இனி நான்தான் காவல்.

யார் யார் பெட்டி தூக்கினார்கள் என்று மலையில் ஆடு மேய்ப்பவனுக்கும் தெரியும். சட்டப்படி அரசாங்கத்துக்கு மட்டும் தெரியக்கூடாது.

உங்கள் பணம் போய்விட்டது, மாமா. அதில் இஸ்கந்தர் பேயின் பங்கையும் நீங்கள்தான் கட்டினீர்கள். என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

வதீஹ்

---

சாவோ பாவுலோ, 15 ஜூலை 1968

அன்புள்ள மருமகனே,

நலம். ஜமீல் தவணை கட்டிவிட்டான். அந்தக் காசில் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆகஸ்ட் முதல் வாரம் பெய்ரூட் துறைமுகத்தில் நில். விலையேற்றிய அறைகளுக்கு ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்கவேண்டாம் என்று ரஹ்மேயிடம் சொல். நான் வரும்வரை அசையாமல் உள்ளேயே இருக்கட்டும்.

நீ எனக்கு ஒரு பெயரும் சொல்லவேண்டாம், சிறைக்கும் போகவேண்டாம். வங்கி ரகசியம் வங்கிக்காரர்களுக்கும் உங்களுக்கும்தான். பெட்டி போனதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரிக்கு இல்லை. வந்திறங்கியதும் அவளைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊர் முறை உனக்குத் தெரியும். துக்கத்துக்கு வந்துபோனவர்கள் வீட்டுக்கு, துக்கக்காரன் ஒருமுறை போய் உட்கார்ந்து நன்றி சொல்லவேண்டும். எந்த வீட்டிலும் அப்படி வருகிறவனுக்குக் கதவைச் சாத்தமுடியாது, எழுந்து போ என்றும் சொல்லமுடியாது. என் சாவுக்கு வந்தவர்களுக்கு நானே நேரில் போய் நன்றி சொல்வதுதானே மரியாதை?

சமையலறை வாசல் வழியாக வந்தவர்களிடமிருந்து தொடங்குகிறேன். முதலில் இஸ்கந்தர் பே. அவர் இரண்டு முறை வந்தவர். வரவேற்பறையில் ஊர் ஆட்கள் நிறைந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போவேன். அவர் ஆப்பிளைப் பற்றிப் பேசும்வரை எழுந்திருக்கமாட்டேன். எனக்கு வேறு வேலை இல்லை, பசிக்கும்போது அவர்கள்தான் சாப்பாடு போடவேண்டும், சர்க்கரை நோயாளிக்கு ஏற்ற மாதிரி.

அங்கே பணம் பேசலாம் அல்லவா? அது துக்க வீடு இல்லையே.

அஃபீஃபாவின் முதுகுக்கு இங்கிருந்து ஒரு தைலம் கொண்டுவருகிறேன்.

இரண்டு சாட்சிகளின்படி உயிரோடிருக்கும்
உன் பெரிய மாமா,
நசீப்